வீரியம் ஏறிய பெட்ரோல்

எங்கள் தெருப் பெரியவர் ஒருவரிடம் பல்செட் ஒன்று இருந்தது. அது இருப்பது தெருவுக்கே தெரியும். அதை அவர் வாயில் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணம், காதுகுத்து என்றால் சட்டைப் பையில் டப்பாவோடு வருவார். இலை போட்டுப் பொரியல் வைத்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொள்வார். பாயசம் இறங்கியதும் கழற்றி, கழுவி, துடைத்து, மறுபடி டப்பாவுக்குள் வைப்பார். வீட்டில் முறுக்கைத் தேநீரில் முக்கித்தான் தின்பார். ஏன் மாமா இந்தப் பாடு என்று கேட்டால், "தெனமும் போட்டுக் கடிச்சா தேஞ்சு போகாதா?" என்பார்.

பல்லுக்கே இந்தக் கதி என்றால், அவர் பொறுப்பில் விட்ட மற்றதெல்லாம் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவர் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிறது. எனக்கு அவர்மேல் கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதே அளவுக்குப் பிரியமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நான் ஆவூர்க்காரி. கல்யாணமாகி அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இந்த ஊருக்கு வந்தேன். எங்கள் தெருவில் ஆண்கள் என்றால் விருந்தாளிகள் என்று பொருள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டி நிறைய சோப்பும் சாக்லேட்டுமாக வந்து, நாற்பது நாள் இருந்து, மறுபடி வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவார்கள். ஊரில் இருக்கும் அந்த நாற்பது நாளுக்காக ஆளுக்கு ஒரு வண்டி வாங்கி வைத்திருந்தார்கள். மிச்சம் இருக்கும் நாளெல்லாம் அந்த வண்டிகள் இருந்த இடம் மாமாவின் தகரக் கொட்டகை.

என் வீட்டுக்காரர் அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவார்; அதனால் எனக்கு அவர் மாமா. சொந்தம் என்று பார்த்தால் கிட்டத்தில் ஒன்றும் கிடையாது. அரிசி குடோனில் முப்பது வருடம் மூட்டை காத்து ஓய்வு பெற்றவர். குடோன் கதைகள் நிறையச் சொல்வார். எலி வராமல் காத்தது, கூரை ஒழுகியபோது தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடியது, ஒரு மூட்டைகூடக் குறையாமல் ஒப்படைத்தது, எல்லாம் வரும். அந்த அரிசியை யாரோ பொங்கித் தின்றார்கள் என்பது மட்டும் எந்தக் கதையிலும் வராது. லாரி வந்து மூட்டையை ஏற்றும் இடம் வரும்போது அவர் குரலே கொஞ்சம் இறங்கிவிடும்.

இப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைப்பதற்கு எங்கள் தெருவில் ஒரு முறை உண்டு. விமானத்துக்கு முந்தின நாள் வண்டியைக் கழுவி, பங்கில் கழுத்துவரை பெட்ரோல் நிரப்பி, கண்ணாடியில் ஒரு முழம் பூ சுற்றி ஓட்டி வருவார்கள். வந்து இறங்கியதும் ஏறிக் கிளம்ப வேண்டுமாம், அதற்காக முழு டேங்க். கொட்டகையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுச் சாவியை நீட்டினால், மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாவி மஞ்சள் பைக்குள் போகும். பை பீரோவுக்குள் போகும். பீரோச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

பதினோரு வண்டிகள். விடிந்ததும் பதினோரு துணிகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைவார். ஒரு வண்டியின் துணி இன்னொரு வண்டிமேல் படாது. கண்ணாடியின் பின்பக்கத்தைக்கூடத் துடைப்பார். நம்பர் பிளேட்டில் எழுத்துக்கு எழுத்து விரலை விட்டு அழுக்கு எடுப்பார். பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும். செய்யாதது ஒன்றே ஒன்றுதான். ஒரு வண்டியையும் ஸ்டார்ட் பண்ண மாட்டார்.

"ஸ்டார்ட் பண்ணா ஓடும். ஓடுனா தேயும். தேஞ்ச வண்டியை அந்தத் தம்பி வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

தம்பிகள் வந்து கேட்டபோது நடந்தது வேறு. வளைகுடாவிலிருந்து யார் வந்தாலும் தெருவுக்கு அது முதலில் தெரிவது சத்தத்தில்தான். கிக்கரை உதைக்கும் சத்தம். சென்ட் மணக்கப் புதுச் சட்டையோடு கொட்டகைக்குள் போன ஆள் அரை மணி நேரத்தில் பனியனோடு வெளியே வந்து மூச்சு வாங்குவார். மாமா பக்கத்திலேயே நின்று, "தூங்குற புள்ளையை எழுப்புற மாதிரி பதமா எழுப்புங்க தம்பி" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அடுத்து மெக்கானிக் வருவார், தள்ளிக்கொண்டு போவார். நாற்பது நாளில் மூன்று நாள் வண்டிக்காகக் காத்திருந்தே கழியும். ஆனால் ஒருவரும் மாமாவைக் குறை சொன்னதில்லை. வண்டி அப்படிப் பளபளவென்று இருக்கும்போது யாருக்குத்தான் வாய் வரும்? தலைவலித் தைலமும் டார்ச் லைட்டும் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தைலத்தையும் அவர் திறக்கவில்லை. தலைவலி வந்தால் நெற்றியில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார்.

கொட்டகையின் மூலையில் இன்னொரு சொத்து இருந்தது. நான்கு பிளாஸ்டிக் கேன்கள் நிறையப் பெட்ரோல்.

டிவியில் 'லாரி ஸ்டிரைக்' என்று ஒரு வரி ஓடினால் போதும், மாமா தன் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு பங்குக்குக் கிளம்பிவிடுவார். கேனில் தரமாட்டார்கள். அதனால் மொபெட்டின் டேங்கை நிரப்பி, வீட்டுக்கு வந்து டியூப் போட்டு உறிஞ்சிக் கேனில் இறக்கி, மறுபடி பங்குக்குப் போவார். ஒரு நாளைக்கு நாலு நடை. கேன்மேல் பிளாஸ்திரி ஒட்டி மாதமும் தேதியும் எழுதுவார். இந்த அலைச்சலால் ஒரு நன்மை இருந்தது: அவர் பொறுப்பில் இருந்த வண்டிகளிலேயே உதைத்ததும் கிளம்பும் ஒரே வண்டி அந்த மொபெட்தான். அது ஏன் என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

"பழைய அரிசிதான் சோறு உதிரி உதிரியா வடியும். பழைய புளிக்குத்தான் மருந்துல மதிப்பு. பெட்ரோலும் அப்படித்தான். இருக்க இருக்க வீரியம் ஏறும்" என்பது அவர் கண்டுபிடிப்பு. மூன்று வருடக் கேன் ஒன்றை யாரும் தொடக்கூடாது என்று தனியாக வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்கு எடுத்து வைத்த நெய் மாதிரி அதைப் பற்றிப் பேசுவார்.

அத்தைக்கு, அதாவது அவர் மனைவிக்கு, அந்தக் கேன்களைக் கண்டாலே ஆகாது. "ஒருத்தன் ஒரு பீடியை அங்கிட்டு வீசுனான்னா அறந்தாங்கி வரைக்கும் வெளிச்சம் தெரியும்டி. இந்த மனுசன் சாமானக் காக்குறாரா, எமனக் காக்குறாரா?" என்று என்னிடம் சொல்வார். மாமாவிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் என்னிடம் சொல்ல ஆரம்பித்தவர் அவர்.

இனி என் கதைக்கு வருகிறேன். பதினோரு வண்டிகளில் ஒன்று என்னுடையது. கியர் இல்லாத ஸ்கூட்டர். கல்யாணமான புதிதில், "நம்ம ரெண்டு பேருக்கும்" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் வாங்கினார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆவூர்க் கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் ஓட்டியவள். இந்த வண்டியை என் வீட்டுக்காரர் ஓட்டி, நான் பின்னால் உட்கார்ந்தது முப்பத்தெட்டு நாள். முப்பத்தொன்பதாம் நாள் முழு டேங்க் அடித்து, பூச்சுற்றி, சாவியைக் கொண்டுபோய் மாமா கையில் கொடுத்துவிட்டார். வீட்டில் நான் ஒருத்தி இரண்டு கையோடு இருக்கிறேன் என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. தெருவில் எல்லா ஆண்களும் அப்படித்தான் செய்தார்கள். எல்லாப் பெண்களும் மினி பஸ்ஸுக்கு நின்றோம்.

இரண்டு வருடம் நானும் நின்றேன். அந்த இடைவெளியில் வர வேண்டிய லீவு அவருக்குத் தள்ளிப்போனது. அப்போதுதான் பத்து கிலோமீட்டர் தள்ளி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டு, டாக்டரம்மா எழுதித் தந்தால் நீடிக்கும். படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை அது. அதை விட்டால் இன்னொன்று எப்போது வரும் என்று தெரியாது. எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

லேப் ஏழரைக்குத் திறக்க வேண்டும். சர்க்கரைக்காரர்கள் ராத்திரி சாப்பிட்டதோடு வெறும் வயிற்றில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ரத்தம் எடுத்த பிறகுதான் அவர்கள் இட்லியைப் பார்க்க முடியும். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் எட்டேகாலுக்கு. அது போய்ச் சேர ஒன்பதாகும். நான் உள்ளே நுழையும்போது முப்பது பசித்த கண்கள் என்னைப் பார்க்கும் பார்வையை விவரிக்க விரும்பவில்லை.

மாமாவிடம் போய்ச் சாவி கேட்டேன்.

"கேட்டதுல தப்பில்லத்தா. ஆனா குடுத்தது தம்பி. தம்பி ஒரு வார்த்தை சொல்லட்டும்."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"நான் சொல்லலாந்தான். பெரிய மனுசன், நம்பி ஒப்படைச்சிருக்கோம். நடுவுல கேட்டா என்ன நெனைப்பாரு? நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு."

"பக்குவமாச் சொல்லியாச்சு. ஒங்க வாயால கேக்கணுமாம்."

"அதோட, நீ ஓட்டி எங்கிட்டாவது கீறல் விழுந்துட்டா…"

என் வேலை போனால் பரவாயில்லையா என்று கேட்டேன். சிக்னல் போய்விட்டது. எங்கள் வீட்டு ஆண்களுக்கும் சிக்னலுக்கும் நல்ல உடன்பாடு உண்டு. அடுத்த நான்கு மாதம் சாவி இப்படித்தான் வளைகுடாவுக்கும் தகரக் கொட்டகைக்கும் நடுவே கிடந்தது. மாமா, மொபெட்டிலாவது காலையில் கொண்டுபோய் விடுங்கள் என்று ஒருமுறை கேட்டேன். பின்னால் ஆள் ஏறினால் டயர் தேயும் என்றார்.

டாக்டரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கூப்பிட்டார். "வேலை நல்லாப் பண்றீங்க. ஆனா ஜனங்க பட்டினியா உக்காந்திருக்காங்க. மாசக் கடைசியில நான் எழுதி அனுப்பணும். லேட்டா வர்றவங்களுக்கு நல்லாருக்குன்னு நான் எப்படிங்க எழுத முடியும்?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அன்றைக்குப் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் நடந்ததுதான் கூத்து. ஒன்பது மணிக்கு ஓட்டமும் நடையுமாக லேப்புக்குள் நுழைகிறேன், பெஞ்சின் முதல் ஆளாக மாமா உட்கார்ந்திருக்கிறார். டோக்கன் நம்பர் ஒன்று. அவருக்குச் சர்க்கரை உண்டு. அறந்தாங்கியில் கூட்டமாம், இங்கே என்றால் "நம்ம தெருப் புள்ள, நோவாமக் குத்தும்" என்று மொபெட்டில் ஆறு மணிக்கே வந்துவிட்டிருக்கிறார். மூன்று மணி நேரமாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. பல்லும் டப்பாவில் இருந்தது.

"ஏத்தா, எம்புட்டு நேரம்! உசுரு போயி உசுரு வருது" என்றார். பெஞ்சு முழுக்க அதை ஆமோதித்தது. ஒரு பெரியம்மா, "இந்தம்மா வீட்டுல நல்லா இட்லி தின்னுபுட்டுத்தான் வருது" என்றார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்துவிட்டார். எல்லோர் முன்னாலும், "ஒங்க வீட்டுல ஒரு வண்டிகூடவா இல்ல?" என்று கேட்டார்.

"இருக்கு மேடம். டேங்க் நெறைய பெட்ரோலோட இருக்கு."

"அப்புறம் என்ன?"

"சாவி என்கிட்ட இல்ல மேடம்."

"எங்க இருக்கு?"

எனக்கு வாய்வரை வந்த பதில் வேறு. டோக்கன் நம்பர் ஒன்றைப் பார்த்தேன். "பத்திரமா இருக்கு மேடம்" என்றேன்.

மாமா எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை, பரீட்சைக்குப் படிக்கிறவர் மாதிரி, பிறந்த குழந்தையிலிருந்து பதினாறு வயதுவரை படித்து முடித்தார். கையை நீட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினார். வலது கை வேலைக்கு வேண்டுமாம். ஊசியை நோகாமல் குத்தினேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அன்று சாயங்காலம் வாசலில் மஞ்சள் பையோடு வந்து நின்றார். சாவியைத் தேடி எடுத்து என் கையில் வைத்தார். "தம்பி கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார். முகத்தைப் பார்த்தால், குடோனிலிருந்து மூட்டை வெளியே போகிறபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. ஐந்து நிமிடத்துக்குத்தான்.

ஏனென்றால் வண்டி கிளம்பவில்லை. பட்டனை அழுத்தினேன், ஒரு முனகல்கூட இல்லை. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. உதைத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தேன். கணுக்கால் வீங்கியது. மாமா பின்னால் நின்று, "வண்டிக்கே போக இஷ்டமில்ல போலருக்குத்தா" என்றார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு உள்ளே போய், யாரும் தொடக்கூடாத அந்த மூன்று வருடக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வாழ்க்கையில் அவராக ஒரு பொருளைத் திறந்ததை நான் பார்த்தது அன்றுதான். வடிகட்ட வெள்ளைத் துணி, புனல், எல்லாம் வந்தன. "ஒனக்காகத்தான் எடுக்குறேன். வேற ஆளா இருந்தா மூடியக்கூடக் காட்டியிருக்க மாட்டேன். ஊத்திப் பாரு, வண்டி பறக்கும்." முழு டேங்கிலிருந்து ஒரு லிட்டரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் சரக்கில் ஒரு லிட்டரை ஊற்றினார். நாள்பட்ட பெயிண்ட் டப்பாவைத் திறந்தது மாதிரி ஒரு நெடி. அதற்குப் பிறகு வண்டி இருமக்கூட இல்லை. மறுநாளும் எட்டேகால் பஸ்தான்.

மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவரும் எட்டு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டவர். டேங்க் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார்.

"அக்கா, இங்கிட்டு வந்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசமா இது?"

பாட்டிலில் பிடித்துக் காட்டினார். கடுங்காப்பி நிறம். கார்புரேட்டரைக் கழற்றினார். அடியில் பழுப்பாகப் பிசின் படிந்திருந்தது. பெட்ரோல் வர வேண்டிய துளை ஊசிமுனை அளவு. அது அடைத்தே போயிருந்தது.

"இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்குக்கா. அது காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கும். ஓட்டாத வண்டியில ரெண்டு மூணு மாசம் தாண்டுனா சத்துப் போக ஆரம்பிச்சிரும். கேன்ல காத்துப் புகாம, வெயில் படாம வச்சாலும் ஆறு மாசம்னு வைங்க. டேங்க நெறப்பி வச்சா உள்ள துருப் பிடிக்காது, அது நல்லதுதான். ஆனா வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடேற ஒரு ரவுண்டு ஓட்டணும். இது ரெண்டு வருசம். பெட்ரோலே இல்ல இது."

மாமாவுக்கு மீசை துடித்தது. "பெட்ரோலு என்ன பாலா, திரிஞ்சு போக? பூமிக்கடியில கோடி வருசமாக் கெடந்ததுங்கிறாங்க. அங்கன கெடாதது என் கொட்டகையில ரெண்டு வருசத்துல கெட்டுருமோ?"

நான் மெக்கானிக்கைப் பார்த்தேன். இதற்கு என்ன பதில் இருக்க முடியும் என்று எனக்கும் ஒரு நிமிடம் தோன்றியது.

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகச் சொன்னார். "அய்யா, பூமிக்குள்ள கெடந்தது கச்சா எண்ணெய். அதைக் காய்ச்சி எடுக்குறதுதான் பெட்ரோலு. நீங்க குடோன்ல இருந்தவுக, ஒங்களுக்குத் தெரியாததா? நெல்லு எத்தனை வருசம்னாலும் கெடக்கும். வடிச்ச சோத்தை அப்படி வைக்க முடியுமா?"

பக்கத்தில் இருந்த கேன்மேல் மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வண்டிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருடமாகத் துடைத்துத் துடைத்து ஊசிப்போன சோற்றையா காவல் காத்தோம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அவரிடம் சொல்வதற்கென்று நான்கு மாதமாகச் சேர்த்துவைத்த பேச்சு நிறைய இருந்தது. ஒன்றையும் சொல்ல மனசு வரவில்லை.

பழையதை இறக்கி, கார்புரேட்டரைக் கழுவி, பிளக்கும் பேட்டரியும் மாற்றி, புதுப் பெட்ரோல் ஊற்றி இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. கேன்களை மெக்கானிக் செயின் கழுவ ஆகும் என்று எடுத்துக்கொண்டார். மாமா தெருமுனைவரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தார். அத்தை வாசல் தெளித்துக் கோலமே போட்டுவிட்டார்.

அதன் பிறகு நான் ஏழேகாலுக்கு லேப்பைத் திறந்தேன். அதைப் பார்த்துத் தெருவில் இன்னும் நான்கு பேர் போய்ச் சாவி கேட்டார்கள். மாமா யார் வார்த்தைக்கும் காத்திருக்கவில்லை, கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்த ஆறு வண்டிகளுக்கு மெக்கானிக்கை வைத்து வைத்தியம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆறையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் பண்ணி நிறுத்த ஆரம்பித்தார். தெரு முழுக்கப் புகை. இத்தனை வருடம் கிக்கரைத் தொடப் பயந்த ஆள், இப்போது ஆக்ஸிலேட்டரை விடமாட்டேன் என்றார். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம்.

மாசக் கடைசி வந்தது. டாக்டரம்மா எழுதி அனுப்ப வேண்டிய நாள். கொஞ்சம் சீக்கிரமாகவே போய்விடலாம் என்று ஆறரைக்கு வண்டியை வெளியே எடுத்தேன். கேட்டுக்கு வெளியே மாமா நின்றுகொண்டிருந்தார். கையில் தூக்குவாளி. ரத்தம் கொடுத்ததும் சாப்பிட இட்லி. அன்று அவருக்கும் சோதனை நாள்.

"மொபெட்டு கெளம்ப மாட்டேங்குதுத்தா."

"நேத்துவரைக்கும் ஓடுச்சே மாமா. என்ன ஊத்துனீங்க?"

எதிர்வீட்டுத் தென்னைமரத்தில் எத்தனை குலை இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்த்தார். அத்தைதான் உள்ளேயிருந்து கத்தினார். "ஒரு கேனை மட்டும் வெறகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்திருக்காரு. ராசா மாதிரிச் சரக்காம், தூக்கிப் போட மனசு வரலயாம். அதை ஊத்தித்தான் இப்ப நிக்கிறாரு."

"ஏறுங்க மாமா" என்றேன்.

ஒரு பொம்பளை ஓட்டுகிற வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பத்து கிலோமீட்டரும் "பதமா, பதமா" என்றுகொண்டே வந்தார். பள்ளம் தெரிந்தால் முன்கூட்டியே அறிவித்தார். எதிரே வந்த லாரிக்குக் கையைக் காட்டி ஒதுங்கச் சொன்னார். லாரிக்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் வண்டிக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் மாமா இறங்கிப் பெஞ்சுக்குப் போய்விட்டார். காத்திருந்தவர்களிடம், "பயப்படாதீக, டயத்துக்கு வந்தாச்சு" என்று அவர் சொல்வது என் காதில் விழுந்தது. ஏழரைக்கு நான் ஊசியை எடுக்கும்போது டாக்டரம்மா கையில் காகிதத்தோடு வந்தார்.

"நானும் பாக்குறேன், இப்பல்லாம் டாண்ணு வந்துர்றீங்களே. என்ன பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "நாந்தாங்க கூட்டியாந்தேன். வண்டி என் பொறுப்புலதான் இருந்துச்சு. நான் மட்டும் இல்லேன்னா இந்தப் புள்ள இன்னும் பஸ்சுக்குத்தான் நிக்கும்."

"அப்படிங்களா அய்யா? ரொம்ப நன்றிங்க" என்றார் டாக்டரம்மா.

"இருக்கட்டுங்க. நம்ம கடமை" என்றார் மாமா. பெஞ்சில் இருந்த பெரியம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

டாக்டரம்மா என் மேஜைமேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஒரு வருடம். எனக்கு வந்தது சந்தோஷமா, அந்த மனுசன் சொன்னதைக் கேட்ட எரிச்சலா என்று கேட்டால் இரண்டும்தான். டோக்கன் நம்பர் ஒன்றைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். ஊசி இறங்கும்போது சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தார்.

"ஏத்தா, சாயங்காலம் ஒன் வண்டியில இருந்து ஒரு லிட்டரு குடேன். புதுசா இருக்குமுல்ல" என்றார். "சேத்து வைக்க மாட்டேன். இன்னைக்கே ஊத்தி ஓட்டிப்புடுறேன்."